குளச்சலில் தோற்றவர்கள் ஏன் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்கள்?

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூண், கன்னியாகுமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் தெரிந்ததுதான். 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியை முறியடித்ததன் நினைவுச் சின்னம் அது. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வென்றவர் பக்கம் நின்றே பேசுகிறோம். நம் ஊர் வெற்றி என்பதால் அது இயல்புதான். ஆனால் அதே போரைத் தோற்றவரின் கணக்குப் புத்தகத்திலிருந்து படித்தால், வல்லரசுகளின் தலைநகரங்களில் இன்றும் தீராமல் கிடக்கும் ஒரு கேள்வி அதில் தென்படும். தூரதேசத்தில் தொடங்கிய போர் முடிவு தெரியாமல் இழுத்துக்கொண்டே போகும்போது, இன்னும் படை அனுப்புவதா, வந்த வழியே திரும்புவதா?

கம்பெனி குளச்சலில் சரணடைந்தது 1741 ஆகஸ்டில். திருவிதாங்கூரோடு மாவேலிக்கரையில் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டது 1753 ஆகஸ்டில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அது பெரும்படை திரட்டித் திரும்பி வரவும் இல்லை, போரை முடித்துக்கொள்ளவும் இல்லை. பள்ளிப் பாடம் சரணடைந்த நாளோடு நின்றுவிடுவதால் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை நாம் கவனிப்பதே இல்லை. என் பார்வையில் குளச்சல் போரில் கற்றுக்கொள்ள வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வியட்நாமிலும் ஆப்கானிஸ்தானிலும், நமக்கு மிக அருகில் இலங்கையிலும் நடந்தவற்றை விளங்கிக்கொள்ளவும் அது உதவுகிறது.

மிளகுக்காக வந்தவர்கள்

டச்சுக்காரர்கள் 1663இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய நாள் முதலே, மலையாளக் கரையின் சிற்றரசர்களோடு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு, தாங்கள் வைத்த விலைக்கு மிளகு வாங்கிவந்தார்கள். இந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமானால் சிற்றரசர்கள் சிற்றரசர்களாகவே இருக்க வேண்டும். 1729இல் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, வேணாட்டின், அதாவது பழைய திருவிதாங்கூரின், நிலப்பிரபுக்களான பிள்ளைமாரையும் மாடம்பிகளையும் ஒடுக்கிவிட்டு வடக்கே கொல்லம், கொட்டாரக்கரை, காயங்குளம் என்று கை நீட்டத் தொடங்கியதும் கம்பெனிக்கு அடிவயிறு கலங்கியது. அஞ்சுதெங்கில் ஆங்கிலேயரும் மிளகுக்குப் போட்டியாக இருந்தார்கள்.

1739இல் இலங்கையின் டச்சு ஆளுநர் குஸ்டாஃப் வில்லெம் வான் இம்ஹோஃப் மலையாளக் கரைக்கு வந்து நிலைமையை நேரில் பார்த்தார். ஆயுத பலத்தைக் காட்டாமல் வணிகத்தைக் காப்பாற்ற முடியாது என்பது அவர் எடுத்த முடிவு. அவருக்கும் மன்னருக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடல் ஒன்று திருவிதாங்கூர் வரலாறுகளில் இடம்பெறுகிறது. படையெடுப்பேன் என்று ஆளுநர் மிரட்டினாராம். அப்படி வந்தால் காடுகளுக்குள் போய்விடுவேன் என்றும், என் வள்ளங்களையும் மீனவர்களையும் கொண்டு ஐரோப்பாவின் மீதே படையெடுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் மன்னர் பதில் சொன்னாராம். சொன்னது சொன்னபடி நடந்ததோ இல்லையோ, அந்தப் பதிலின் முதல் பாதியில் ஓர் உண்மை இருக்கிறது. ஊர்க்காரன் பின்வாங்குவதற்கு அவனுடைய சொந்த மண்ணே இருக்கிறது. கப்பலில் வந்தவன் பின்வாங்கினால் கடலுக்குத்தான் போக வேண்டும்.

கம்பெனியின் போர் நோக்கமும் விசித்திரமானது. கொட்டாரக்கரையை ஆண்ட இளையிடத்துச் சொரூபம் என்ற அரச குடும்பத்தின் அரசிக்கு ஆதரவு, காயங்குளத்துக்கு ஆதரவு, மொத்தத்தில் திருவிதாங்கூர் வளராமல் தடுப்பது என்ற அளவில்தான் அது இருந்தது. ஒரு கோட்டையைப் பிடிப்பது என்றால் பிடித்த அன்றைக்கு வேலை முடிந்தது. ஒருவரை வளரவிடாமல் தடுப்பது என்ற வேலைக்கு முடிவு நாளே கிடையாது. பிற்காலத்து நெடும்போர்கள் பலவும் இப்படிப்பட்ட, முடிவில்லாத வினைச்சொல்லோடு தொடங்கியவைதான்: தடுப்பது, நிலைநிறுத்துவது, ஆதரிப்பது.

ஆடிக் கடலும் ஜாவாவும்

போர்த்திட்டம் என்ற அளவில் கம்பெனி தீட்டியது மோசமான திட்டம் இல்லை. மன்னர் வடக்கே போரில் மூழ்கியிருக்கும்போது தெற்கே குளச்சலில் இறங்கி, இரணியல் வழியாகக் கல்குளத்தை, அதாவது பத்மநாபபுரம் தலைநகரை நெருக்குவது என்பது கணக்கு. 1740இன் இறுதியிலும் அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் படை இறங்கியது. கரையோர ஊர்கள் தாக்கப்பட்டன. குளச்சலில் மரவேலியிட்ட காவல் அரண் எழும்பியது. மன்னர் வடக்கிலிருந்து விரைந்து வந்து, உள்நாட்டுக்குள் நுழைந்தவர்களைக் கரைக்குத் துரத்தி அந்த அரணைச் சுற்றி வளைத்தார்.

இங்கேதான் நம் கடற்கரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று கம்பெனியின் கணக்கைக் குலைத்தது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இன்றும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்வளத்தைக் காப்பதற்காக வைத்த தடை என்றாலும், அந்த மாதங்களில் கடல் எப்படி இருக்கும் என்பதை குளச்சலிலோ முட்டத்திலோ தேங்காய்ப்பட்டணத்திலோ யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், துறைமுகத் தடுப்புச் சுவர் இல்லாத திறந்த கரையில் பாய்மரக் கப்பலை நங்கூரமிட்டு, அலை உடையும் இடத்தைத் தாண்டி அரிசி மூட்டையையும் வெடிமருந்தையும் ஆளையும் இறக்குவது என்பது நடக்கிற காரியமில்லை. அரணுக்குள் இருந்தவர்களுக்குக் கையில் இருந்ததுதான் கைமுதல். அந்த நிலையில் அவர்களுடைய வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்து உணவுச் சேமிப்பும் எரிந்துபோனது. சரணடைவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. (துடுப்புகளைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்குத் துப்பாக்கிப் படை போலத் தோன்றச் செய்த முக்குவர்களைப் பற்றிய கதை இப்பகுதியில் தலைமுறைகளாக வழங்கிவருகிறது. ஆவணச் சான்று கேட்பவர்கள் கேட்கட்டும்; மீனவர் துணையில்லாமல் அந்தக் கரையில் ஒரு முற்றுகை நடந்திருக்காது என்பது வரை எனக்கு ஐயமில்லை.)

கடல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. கம்பெனியின் ஆசியத் தலைமையகமான பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், 1740 அக்டோபரில் சீனக் குடிமக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து ஜாவா முழுவதும் போர் மூண்டு 1743 வரை நீடித்தது. மலையாளக் கரைக்குப் படை கேட்டு எழுதப்பட்ட கடிதங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில், இருந்த படையே போதாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையே, இந்தப் போருக்குப் பிள்ளையார் சுழி போட்ட வான் இம்ஹோஃப், இலங்கையிலிருந்து பத்தாவியா சென்று, அந்தப் படுகொலை தொடர்பாகத் தலைமை ஆளுநர் வால்கெனியரோடு மோதி, 1740 டிசம்பரில் கைது செய்யப்பட்டுத் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டார். குளச்சலில் அவருடைய திட்டம் தீயில் எரிந்துகொண்டிருந்த மாதங்களில், அதற்காக வாதாட வேண்டிய மனிதரே பொறுப்பில் இல்லை.

போரைப் பெருக்குவதா, விலகுவதா என்பதை அந்தப் போர்க்களத்தில் நடப்பதைக் கொண்டுதான் முடிவு செய்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது வேறெங்கோ நடப்பதைப் பொறுத்தே அமைகிறது. பல இடங்களில் கால் வைத்திருப்பவனுக்கு ஒவ்வோரிடமும் இரண்டாவது முக்கியமான இடம்தான். சொந்த ஊரைக் காக்கிறவனுக்கு இருப்பது அந்த ஓர் இடம் மட்டுமே. பணத்திலும் பீரங்கியிலும் பின்தங்கியவர்கள் நெடும்போர்களில் தாக்குப்பிடிப்பதற்கு, வீரத்தை விட இந்த ஏற்றத்தாழ்வுதான் பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

இரண்டுங்கெட்டான் காலம்

1743இல் வான் இம்ஹோஃப் பத்தாவியாவின் தலைமை ஆளுநராகவே திரும்பி வந்தார். போர் வேண்டும் என்று வாதாடியவர் உச்சப் பதவிக்கு வந்தபின் பழிவாங்கும் படையெடுப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஜாவாப் போரும் அதன் கடனும் கருவூலத்தைக் காலி செய்திருந்த நிலையில், மிளகில் வரும் லாபத்தை விடப் படைச்செலவு அதிகமாகும் என்பது எந்த வணிகனுக்கும் புரியும் கணக்கு. ஆனாலும் உடனே சமாதானம் செய்துகொள்ளவும் மனம் வரவில்லை. தோற்ற இடத்தில் கையெழுத்திட்டால் இலங்கையிலும் மற்ற கரைகளிலும் உள்ள மன்னர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை ஒரு பக்கம். கொச்சியை அண்டியிருந்த சிற்றரசர்களுக்குக் கொடுத்த வாக்கு இன்னொரு பக்கம். பேச்சுவார்த்தை தொடங்குவதும் முறிவதுமாகக் காலம் ஓடியது.

அந்தக் காலத்தை மார்த்தாண்ட வர்மா வீணாக்கவில்லை. மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கினார். அதன்பின் கம்பெனிக்கு மிளகு வேண்டுமென்றால் அவரிடம்தான் வந்தாக வேண்டும். குளச்சலில் சிறைப்பட்ட டச்சு அதிகாரி டிலனாயைக் கொண்டு தன் படைக்கு ஐரோப்பியப் பயிற்சி அளித்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை புதுப்பிக்கப்பட்டு, அங்கே பீரங்கி வார்க்கும் உலை வந்தது. காயங்குளம், அம்பலப்புழை, தெக்கும்கூர், வடக்கும்கூர் என்று கம்பெனியின் பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக வீழ்ந்தபோது, கொச்சிக் கோட்டையில் இருந்த டச்சுக்காரர்கள் சில சமயம் கடிதம் எழுதினார்கள், சில சமயம் சமரசம் பேசினார்கள்.

1753இல் கையெழுத்தான உடன்படிக்கையைப் படிக்கும்போது, அதை எழுதியவர்களுக்கு வெட்கம் இருந்திருக்குமா என்று தோன்றும். திருவிதாங்கூர் மன்னர் தாக்க விரும்பும் மலையாள அரசர்களோடு செய்துகொண்ட எல்லா ஒப்பந்தங்களிலிருந்தும் கம்பெனி விலகிக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு உதவியோ அடைக்கலமோ தரக் கூடாது. மன்னர் ஆண்டுதோறும் கம்பெனிக்கு மிளகு தருவார்; இனிமேல் வெல்லப்போகும் நாடுகளிலிருந்து தர வேண்டிய மிளகின் அளவும் அதில் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பதிலாகக் கம்பெனி ஆண்டுக்கு 12,000 ரூபாய் மதிப்புள்ள போர்த் தளவாடங்களை அவருக்கு விற்கும். எவர் வளராமல் தடுப்பதற்காகக் கப்பலேறினார்களோ, அவர் வளர்வதற்கே ஆயுதம் விற்க ஒப்புக்கொண்டார்கள்.

வணிகக் கண்ணோட்டத்தில் அது சரியான முடிவு என்றே சொல்வேன். மிளகுக்காகத்தான் வந்தார்கள், மிளகு கிடைத்தது. அதையே 1741இல் செய்திருந்தால் இன்னும் நல்ல விலைக்குக் கிடைத்திருக்கும், கைவிடப்பட்ட கூட்டாளிகளுக்குத் தங்களுக்கான உடன்பாட்டைத் தாங்களே செய்துகொள்ள அவகாசமும் இருந்திருக்கும். தோல்வியால் வந்த இழப்பு ஒரு மடங்கு என்றால், தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் கழித்த ஆண்டுகளின் இழப்பு பல மடங்கு. அதிலும் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் டச்சுக்காரர்கள் இல்லை. கொச்சிக் கோட்டையின் வாக்கை நம்பி எதிர்த்து நின்ற சிற்றரசுகளின் மக்கள்.

டிலனாய் ஊர் திரும்பவே இல்லை. 1777இல் இறந்த அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள், கூரையற்ற சிற்றாலயத்தில் இருக்கிறது. கல்வெட்டு இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தக்கலைப் பக்கம் போகிறவர்கள் நெடுஞ்சாலையிலிருந்து சற்றே திரும்பினால் பார்த்துவிடலாம்.

ஏன் விலக முடிவதில்லை

அமெரிக்காவின் வியட்நாம் ஆவணங்களில், 1965 மார்ச்சில் பாதுகாப்புத் துறை அதிகாரி ஜான் மெக்நாட்டன் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. அந்தப் போரில் அமெரிக்காவின் நோக்கங்களுக்கு அவர் சதவீதம் போட்டிருந்தார்: அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பதற்கு 70, தென்வியட்நாம் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பதற்கு 20, அந்த நாட்டு மக்கள் நல்வாழ்வு வாழ்வதற்கு 10. மேடைகளில் பெரிதாகப் பேசப்பட்டதோ அந்தக் கடைசிப் பத்தைப் பற்றி. போர் முழுவீச்சில் தொடங்குவதற்கு முன்பே பத்தில் ஏழு பங்கு மானப் பிரச்சினையாகிவிட்டது என்றால், அதற்குப் பிறகு விலகுவதற்கான காரணம் களத்திலிருந்து எப்படி வரும்?

அதே ஆண்டு ஜூலையில் வெளியுறவுத் துணைச் செயலர் ஜார்ஜ் பால், இப்போதே சமரசம் தேடாவிட்டால் உயிரிழப்பு கூடும், கூடியபின் நிறுத்தவே முடியாத நிலை வரும் என்று குடியரசுத் தலைவர் ஜான்சனை எழுத்து மூலம் எச்சரித்தார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. 1969இல் அமெரிக்கப் படையின் எண்ணிக்கை ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. மொத்தம் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டார்கள். விலகுவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்த நிக்சனின் காலத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல். வியட்நாமியரின் சாவு இலட்சக் கணக்கில். நிக்சனின் நான்காண்டுகளை, நம் ஊரில் நட்டத்தில் ஓடும் விசைப்படகை அடுத்த ஓட்டத்தில் போட்ட முதலை எடுத்துவிடலாம் என்று வட்டிக்கு வாங்கி டீசல் நிரப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும் முதலாளியின் கணக்கோடு ஒப்பிடலாம்; வேறுபாடு, படகு முதலாளி இழப்பது தன் பணத்தை.

களத்தில் இருக்கும் தளபதி இன்னும் படை கேட்பதைக் குறை சொல்ல முடியாது. கொடுத்த வேலையை முடிக்க என்ன தேவை என்று அவரிடம் கேட்டால் அவர் அதைத்தான் சொல்வார். அந்த வேலை தேவைதானா என்று கேட்பது அவருக்கு மேலே இருப்பவர்களின் பொறுப்பு. ஆனால் மேலே இருப்பவர்கள், எல்லா இடத்திலும், கேட்ட படையில் பாதியைக் கொடுத்துவிட்டு முடிவைத் தள்ளிப்போடும் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பாதியால் தோல்வி தள்ளிப்போகும், வெற்றி வராது. 2009 டிசம்பரில் ஒபாமா ஆப்கானிஸ்தானுக்கு 30,000 வீரர்களைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்த அதே உரையில், 2011 ஜூலையில் அவர்கள் திரும்பத் தொடங்குவார்கள் என்றும் சொன்னார். தாலிபான்கள் செய்ய வேண்டியிருந்தது நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் அவர்கள் கைக்கு வந்தது.

பெருக்குவது எப்போதுமே தவறு என்று இதற்குப் பொருளில்லை. 1971 டிசம்பரில் இந்தியா கிழக்குப் பாகிஸ்தானுக்குள் முழு வலிமையோடு நுழைந்தது. பதின்மூன்று நாளில் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. 1972 மார்ச்சில் இந்தியப் படை பிரியாவிடை அணிவகுப்பு நடத்திவிட்டு வெளியேறியது. அங்கே அடைய வேண்டிய இலக்கு எது என்பதில் குழப்பமில்லை, அந்த நாட்டு மக்கள் பெருவாரியாக உடன் நின்றார்கள், எல்லை காலடியில் இருந்தது, பொறுப்பை ஏற்றுக்கொள்ள ஓர் அரசு தயாராக இருந்தது. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் கணக்கு மாறும். பதினாறு ஆண்டுகள் கழித்து அதே நாடு, அதே ராணுவம், பாக் நீரிணைக்கு அப்பால் போனபோது நான்குமே ஏறத்தாழ இல்லை.

அக்கரையில் முப்பத்திரண்டு மாதங்கள்

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். போரிட்டுக்கொண்டிருந்த விடுதலைப் புலிகள் அதில் ஒரு தரப்பாகவே இல்லை. சண்டை நின்ற 72 மணி நேரத்தில் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அது கூறியது. இந்திய அமைதி காக்கும் படை போனது மேற்பார்வைக்கு, போரிடுவதற்கு இல்லை. செப்டம்பரில் புலிகளின் திலீபன் உண்ணாவிரதமிருந்து உயிர்விட்டார். அக்டோபர் தொடக்கத்தில், இலங்கைக் காவலில் இருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட புலிகள் நஞ்சருந்தி மாண்டார்கள். சில நாட்களுக்குள் யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் தாக்குதல் தொடங்கியது. யாழ் பல்கலைக்கழக வளாகத்தில் நள்ளிரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிரிவின் முப்பது பேரில் ஒருவர் மட்டுமே உயிரோடு பிடிபட்டார்.

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. அதன்பின் நடந்தது, பத்தாவியா செய்ய முடியாமல் போனது: இந்தியா படையைப் பெருக்கிக்கொண்டே போனது. ஒரு டிவிஷனாகப் போனது நான்காயிற்று. நகரம் கைக்கு வந்தது. புலிகள் வன்னிக் காடுகளுக்குப் போனார்கள். மார்த்தாண்ட வர்மா சொன்னதாகச் சொல்லப்படும் பதிலின் முதல் பாதி இங்கே அப்படியே பொருந்துகிறது. பொதுமக்கள் மீது நடந்த அத்துமீறல்கள், குறிப்பாக யாழ்ப்பாண மருத்துவமனையில் நடந்த கொலைகள், வரவேற்று மாலையிட்ட மக்களையே எதிரிகளாக்கின. ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் மாண்டார்கள்.

ராணுவத்தில் பணியாற்றிய ஒருவராவது இல்லாத தெரு அரிதாக இருக்கும் நம் மாவட்டத்தில் இந்தப் போர் செய்தித்தாளில் படிக்கிற வெளிநாட்டுப் போராக இருக்கவில்லை. மொழியும் சாப்பாடும் சாமியும் ஒன்றாக இருந்த மக்களை நோக்கித் துப்பாக்கி தூக்கிய தமிழ் வீரர்கள் அந்தப் படையில் இருந்தார்கள். யாருக்காகப் போனோம் என்ற கேள்விக்கு அவர்களுக்கு அன்று பதில் தரப்படவில்லை. இன்றும் யாரும் சரியாகத் தரவில்லை.

விலகலைத் தொடங்கிவைத்தது டில்லி இல்லை. 1989 ஜனவரியில் இலங்கைக் குடியரசுத் தலைவரான பிரேமதாசா, ஜூன் 1 அன்று, ஜூலை 29க்குள் இந்தியப் படை போய்விட வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். இந்தியப் படையை எதிர்த்துப் போரிடப் புலிகளுக்கு அவருடைய அரசே ஆயுதம் கொடுத்தது என்பது பின்னர் இலங்கையிலேயே வெளிப்பட்டது. அழைத்த அரசே போகச் சொன்னபின் எந்தப் படைக்கும் அங்கே நிற்க நியாயமில்லை. ஆனாலும் மேலும் பத்து மாதங்கள் ஆயின. டிசம்பரில் வி.பி. சிங் ஆட்சிக்கு வந்தபின்தான் வேகம் பிடித்தது. 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. திரும்பி வந்த வீரர்களை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்ற அவருடைய நிலைப்பாட்டைச் சரியென்றும் தவறென்றும் இன்றைக்கும் வாதிடுகிறார்கள். முடிவெடுத்தவர்கள் மீது காட்ட வேண்டிய கோபம் அனுப்பப்பட்டவர்கள் மீது விழுந்தது என்பது என் கருத்து.

இன்னும் ஓராண்டு இருந்திருந்தால் வென்றிருக்கலாம் என்று எழுதிய ராணுவ அதிகாரிகள் உண்டு. வென்று யாரிடம் ஒப்படைத்திருப்பார்கள் என்பதற்கு அந்த வாதத்தில் விடையில்லை. வடகிழக்கு மாகாண முதல்வராக இந்திய ஆதரவோடு அமர்ந்த வரதராஜப் பெருமாளின் ஆட்சி, இந்தியத் துப்பாக்கி நகர்ந்ததும் சரிந்தது. அவசரமாகத் திரட்டிய தமிழ் தேசிய ராணுவமும் அப்படியே கலைந்தது. அதில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். விலகியது சரி, விலகுவதற்கு முன் கடைசி மாதங்களில் ஒரு கூட்டாளிப் படையைத் தோற்றுவித்து அதைப் புலிகளின் முன் விட்டுவிட்டு வந்தது, காயங்குளத்துக்குக் கம்பெனி செய்ததைவிட மோசம்.

இந்த இடத்தில் சோவியத் அனுபவம் ஒப்பிடத் தக்கது. 1989 பிப்ரவரி 15 அன்று சோவியத் படை ஆப்கானிஸ்தானைவிட்டு முழுமையாக வெளியேறியது. அது ஆதரித்துவந்த நஜிபுல்லாவின் ஆப்கன் அரசு சில வாரங்கள்கூடத் தாங்காது என்றார்கள். அது மூன்றாண்டுகள் தாங்கி 1992 ஏப்ரலில்தான் விழுந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்து எரிபொருளும் பணமும் ஆயுதமும் நின்றபின்தான் விழுந்தது. படையை விலக்குவது ஒன்று, ஆதரவை விலக்குவது வேறொன்று. முதலாவதைச் செய்யும்போது இரண்டாவதையும் சேர்த்துச் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விலகல் என்றாலே கைவிடல் என்று அஞ்சிப் போரை நீட்டுகிறவர்களும், விலகினால் கைகழுவியாயிற்று என்று நிம்மதி அடைகிறவர்களும் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

இந்தியப் படை போன மூன்றாம் மாதமே, 1990 ஜூனில், இரண்டாம் ஈழப்போர் வெடித்து மக்கள் மீண்டும் தோணியேறினார்கள். அந்தப் போர்க்காலங்களில் வந்தவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் வாழும் முகாம்கள் நம் மாவட்டத்திலேயே பெருமாள்புரத்திலும் பழவிளையிலும் இருக்கின்றன. முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களில் பலருக்கும் இந்தியக் குடியுரிமை கிடைக்கவில்லை. 1987 ஒப்பந்தத்தின் வழியே இலங்கை அரசமைப்பில் 13ஆவது திருத்தமாக நுழைந்த மாகாண சபைகள் இன்றும் ஏட்டில் இருக்கின்றன. 2013இல் தேர்ந்தெடுக்கப்பட்ட வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தபின் அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. முகாம்களில் இருப்பவர்களுக்குக் குடியுரிமை தருவதற்கும், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லிக் கொழும்பை வற்புறுத்துவதற்கும் டில்லிக்கு ஒரு டிவிஷனும் தேவையில்லை.